சைதாப்பேட்டையில் வளர்ந்த சிவப்பு

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், விமானப்படை நிலையத்திற்கு அணித்தாக வாழும் உறவினர் இல்லத்தில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. அவ்வீட்டின் மூத்த மகனுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, வலீமா விருந்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. விருந்தன்று வைக்கப்படும் கேக்கைக் கடையில் வாங்கக் கூடாது, தானே செய்வேன் என்று மணமகனின் தங்கை ஒற்றைக்காலில் நின்றாள். கல்லூரி மாணவி, கைவேலையில் தேர்ந்தவள்.

கேக்கின் மீது ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் போர்வையைப் போர்த்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. பொடித்த சர்க்கரையுடன் குளுகோஸ் பாகும், கிளிசரினும், ஊறவைத்த ஜெலட்டினும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப மாவு போலப் பதம் வந்ததும் சப்பாத்திபோல் தேய்த்து விரிக்கின்றனர். ஜெலட்டின் எப்பிராணியினுடையது என்பதை விசாரித்தே வாங்கியிருந்தாள். மணப்பெண்ணுக்கு எடுத்த பட்டின் அரக்குச் சிவப்பு அப்படியே கேக்கில் வரவேண்டுமென்பது அவளது ஆசை. வந்ததோ ரோஜாப்பூ நிறம்.

“சாச்சா, எவ்வளவு சாயம் விட்டாலும் இளஞ்சிவப்பிலேயே நிற்கிறதே!” என்று சிவந்த விரல்களைக் காட்டி அலுத்துக்கொண்டாள்.

காரணம் சர்க்கரையின் வெண்மையே. பொடித்த சர்க்கரை தன்மீது விழும் ஒளியை நாற்புறமும் சிதறடிப்பது; சிறிதளவு சாயத்தை அது விழுங்கிவிடும். நீர்த்த சாயத்தை மேலும் மேலும் ஊற்றினால் மாவு இளகிக் கையில் ஒட்டும். ஆகவேதான் கேக் செய்வோர் கூழ்போல் கெட்டியான சாயத்தைக் கையாள்கின்றனர். கறுப்பு வேண்டுவோர் வெள்ளை மாவில் தொடங்காது, முதலில் கோகோ தூளைக் கலந்து பழுப்பாக்கிக்கொண்டு, அதன்மேல் கறுப்பை ஏற்றுவர். சிவப்புக்கும் கோகோ சிறிது உதவும். பிசைந்த மாவை இறுகச் சுற்றி ஓர் இரவு வைத்தால் நிறம் தானே ஆழ்ந்துவிடும். இவற்றை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் எனக்குச் சொன்னாள்.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொணர்ந்த புட்டி ஒன்றும் அவளிடம் இருந்தது. அதன் சிவப்பு அருமையான சிவப்பு. ஆனால் அதைத் திறக்காமலே வைத்திருந்தாள். புட்டியின் பின்புறம் எறும்பெழுத்தில் ‘இ 120’ என்றிருந்தது. “இது ஏதோ பூச்சியாமே சாச்சா, மெய்யா?” என்றாள்.

மெய்தான். அதுமட்டுமன்று, அப்பூச்சிக்கும் நம் சென்னைக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு உண்டு.

காக்கினியல் என்பது சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒருவகைச் செதிற்பூச்சி. மெக்சிகோவின் வாஹாகா பகுதியில் அதைத் தொன்றுதொட்டு வளர்த்து வந்தனர். பெண் பூச்சிகளைத் திரட்டிக் கொன்று உலர்த்தினால், உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்மினிக் அமிலம் என்னும் செஞ்சாயமாகத் தேறும். ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு எழுபதாயிரம் பூச்சிகள் வரை வேண்டும் என்பர். மெக்சிகோவை வென்ற ஸ்பானியர் இதைத் தம் ஏகபோகமாக்கிக் கொண்டனர். வெள்ளிக்கு அடுத்தபடியாக அவர்களுக்குச் செல்வம் கொழித்தது இப்பூச்சியினால்தான். ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் செவ்வங்கிக்கும் இதுவே சாயம். சாதாரணச் சிப்பாய்க்கோ மஞ்சிட்டி வேர்ச் சாயம்தான். 1777ஆம் ஆண்டு தியெரி தெ மெனோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் வாஹாகாவுக்குள் புகுந்து, பூச்சி அப்பிய கள்ளித் துண்டுகளைக் களவாடி வந்தார் என்றால், இதன் மதிப்பை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலேயருக்கும் அந்த ஆசை வந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக விளங்கியவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். மருந்தைவிடச் செடிகொடிகளில் நாட்டம் மிகுந்தவர். 1786இல் சென்னையருகே ஒரு பூச்சியைக் கண்டு, இதுவே காக்கினியல் இனமென நம்பி, லண்டனில் ராயல் கழகத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அக்கடிதங்கள் சென்னையிலேயே அச்சேறின. பூச்சி என்னவோ அதுவன்று. ஆயினும் ஆர்வம் அடங்கவில்லை. ஐரோப்பியர் ‘மார்மலாங்’ என்றழைத்த சைதாப்பேட்டைப் பகுதியில் கள்ளித் தோட்டமொன்று கம்பெனிச் செலவில் எழுந்தது. ஆண்டர்சனின் மருமகன் டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதை மேற்பார்த்தார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் கள்ளிகள் வந்து சேர்ந்தன. பூச்சி மட்டும் வரவில்லை! விருந்து பரிமாறி வைத்து விருந்தினருக்காகக் காத்திருந்த கதை.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர், தம் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் நின்றபோது பூச்சியேறிய கள்ளியைச் சேகரித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து அது சென்னைக்கும் வந்தது; செழித்துப் பெருகியது. ஆனால் விதி வேறாக இருந்தது. வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சியன்று. அதன் காட்டு உறவு. அதன் சாயம் தரத்தில் தாழ்ந்தது; சந்தையில் மெக்சிகோச் சரக்கோடு போட்டியிட இயலவில்லை. 1800ஆம் ஆண்டளவில் சைதாப்பேட்டைத் தோட்டம் முடிவுக்கு வந்தது. ஆண்டர்சன் 1809இல் மறைந்தார். சான்ட்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பி வடித்த அவரது சிலை, சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் இன்றும் இருக்கிறது.

தோற்றுப்போன அப்பூச்சி வேறொரு வகையில் பெயர் பெற்றது. அது ஒருவகைக் கள்ளியை அடியோடு தின்று தீர்ப்பதைக் கண்டவர்கள், 1836 முதல் 1838 வரை அதைத் தென்னிந்தியாவுக்கு வேண்டுமென்றே கொணர்ந்து, காடாக மண்டிய கள்ளியை அழிக்க ஏவினர். 1865க்குள் இலங்கையிலும் அவ்வாறே செய்தனர். களையை அழிக்கப் பூச்சியை ஏவும் கலைக்கு உலகில் இதுவே முதற்சான்று என அறிவியலார் குறிப்பர். நம் வயல்வேலிகளை வளைத்த வேறொரு கள்ளியை, 1926இல் வந்த இன்னொரு காக்கினியல் இனம் அடக்கியது. சாயத்துக்கென வரவழைத்த குலம் உழவனுக்கு ஊழியம் செய்தது.

சொல்லின் வரலாறும் சுவையானது. அமெரிக்கா அறியப்படுமுன்பே, கருவாலி மரங்களில் வாழும் வேறொரு பூச்சியிலிருந்து மத்தியதரைக் கடல் நாட்டவர் செஞ்சாயம் எடுத்தனர். அரபியர் அதை ‘கிர்மிஸ்’ என்றனர். அச்சொல்லின் மூலம் ‘கிருமி’ என்னும் வடசொல்லோடு உறவுடையது. அரபியின் வழியே ஐரோப்பா சென்று அது ‘கிரிம்சன்’ என்றும் ‘கார்மைன்’ என்றும் உருமாறியது. புட்டியின் மேல் எத்தனை நாகரிகப் பெயர் பொறித்தாலும் உள்ளே கிருமி ஒளிந்திருக்கிறது.

இனி உண்ணலாமா என்பது. பூச்சிகளை உணவாகக் கொள்ளலாகாது என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் பொதுவான நிலை. மாலிக்கி மத்ஹபு இதில் சற்றே விரிந்தது. 2011இல் இந்தோனேசிய உலமா மன்றம் இச்சாயத்தை ஆகுமானதென்று தீர்ப்பளித்தது. ஏற்காத அறிஞரும் உளர். அவரவர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. பேனா பிடித்தவனெல்லாம் மஸ்அலா சொல்லப் புகுவது எனக்கு உடன்பாடன்று.

பூச்சி வேண்டாமென்றால் செயற்கைச் சாயம் இருக்கிறதே எனலாம். 1856இல் பதினெட்டு வயது பெர்க்கின் நிலக்கரித் தாரின் வழிவந்த அனிலினிலிருந்து ஊதாச் சாயம் கண்டதிலிருந்து அக்குடும்பம் பெருகிற்று. காக்கினியலின் விலையும் சரிந்தது. நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டே. அவற்றுள் சிவப்பு மூன்று: பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின். பொதுவாக ஒரு கிலோ உணவில் 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 100 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பிலும் குறைவு! இளஞ்சிவப்புக்கு இது தாராளம். அரக்குச் சிவப்பையும் கருநீலத்தையும் விரும்புவோர் இவ்வெல்லையை அறியாமலே எளிதில் தாண்டிவிடுவர். மலிவு கருதித் துணிச்சாயத்தை நாடுவோர் கதை இதனினும் கொடிது. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி இருப்பது கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடைசெய்ததை மறந்திருக்க மாட்டோம்.

நம் அடுப்படி மட்டும் கருநிறம் அறியாததா? வட்டலப்பத்தின் கருமை கருப்பட்டி தந்தது. கவுனி அரிசியின் கருமை அதன் தவிட்டிலேயே உள்ளது.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெண், புட்டியை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தாள். மாவை இரண்டாகப் பிரித்தாள். பெரிய பங்கு வெண்மையாகவே இருக்கட்டும் என்றாள். அது கேக்கைப் போர்த்துவதற்கு. சிறிய பங்கில் கோகோவைக் கலந்து, அளவான சிவப்பைச் சேர்த்து, நெகிழித்தாளில் இறுகச் சுற்றிவைத்தாள். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடித்து நான் வருகையில் அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். பட்டின் ஓரத்தை மாவின் அருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரக்குச் சிவப்பு என்று சொல்ல முடியாது. புளியங்கொட்டை நிறத்துக்கும் மாதுளைக்கும் இடைப்பட்ட ஒன்று. “ரோஜா பூ பதினொன்றுக்கு இது போதும் சாச்சா” என்று சொல்லி இதழ் வெட்டத் தொடங்கினாள்.