சதவீதக் கணக்குகளும் ஒருங்கமைந்த நேரியல் சமன்பாடுகளும்

ஒரு சதவீதக் கணக்கில் அறியப்படாத அளவுகள் இரண்டு இருந்து, அவற்றைப் பற்றித் தனித்தனியான இரண்டு செய்திகள் தரப்பட்டிருந்தால், ஒவ்வொரு செய்தியையும் ஒரு சமன்பாடாக எழுதி, இரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் மதிப்புகளைக் காண்பதே ஒருங்கமைந்த சமன்பாட்டு முறையாகும். இத்தகைய சமன்பாடுகளில் மாறிகள் முதற்படியில் மட்டுமே வருவதால் அவை நேரியல் சமன்பாடுகள் எனப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, எடையளவில் 10% உப்புள்ள கரைசலையும் 30% உப்புள்ள கரைசலையும் கலந்து, 25% உப்புள்ள 40 கிலோகிராம் கரைசலைப் பெற வேண்டும் எனக் கொள்வோம். முதல் கரைசலின் எடையை அ என்றும் இரண்டாவதன் எடையை ஆ என்றும் குறித்தால், மொத்த எடையிலிருந்து அ + ஆ = 40 என்பதும், உப்பின் எடையிலிருந்து 0.1அ + 0.3ஆ = 10 என்பதும் கிடைக்கின்றன. முதற் சமன்பாட்டை 0.1 ஆல் பெருக்கி இரண்டாவதிலிருந்து கழித்தால் அ நீங்கி 0.2ஆ = 6 என்றாகிறது; ஆகவே ஆ = 30, அ = 10. இது நீக்கல் முறை எனப்படும். உப்பின் அளவு 1 + 9 = 10 கிலோகிராம் என வருவதால் விடை சரிபார்க்கப்படுகிறது.

சதவீதங்களை நேரடியாகக் கூட்டிச் சராசரி காண்பது பிழையாகும். 20% என்னும் சராசரி, இரு கரைசல்களும் சம எடையில் கலக்கப்படும்போது மட்டுமே பொருந்தும். ஒவ்வொரு சதவீதத்தையும் அதற்குரிய முழு அளவால் பெருக்கிய பின்னரே கூட்ட வேண்டும். இரு கரைசல்களின் சதவீதமும் ஒன்றாக இருந்தால் தனித்த தீர்வு கிடைக்காது.

நீக்கல் முறை மிகப் பழமையானது; ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பண்டைச் சீன நூலின் எட்டாம் அத்தியாயம் இதனை விளக்குகிறது.