அத்தர்
அத்தர் என்பது மலர், வேர், மரம் ஆகியவற்றின் மணத்தை நீராவியால் வடித்துச் சந்தன எண்ணெயில் ஏற்றிப் பெறப்படும், ஆல்ககால் கலவாத நறுமண எண்ணெயாகும். இதற்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில், 'தேக்' எனப்படும் செப்புக் கொப்பரையில் ரோஜா மலர்களை நீருடன் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்ச, எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே, நீர்த்தொட்டியில் அமிழ்ந்துள்ள 'பப்கா' என்னும் கலத்துள் இறங்கிக் குளிர்ந்து, அதிலுள்ள சந்தன எண்ணெயில் மணத்தைச் சேர்க்கிறது. சுட்ட களிமண்ணிலிருந்து வடிக்கப்படும் 'மிட்டி அத்தர்' முதல் மழையின் மண்வாசனையைத் தருவது. அத்தரைத் தோலில் தடவிச் சிறிது நேரம் கழித்து முகர்ந்து தேர்வதே முறை; செறிவு மிக்கதாதலால் மணிக்கட்டில் ஒரு துளி போதும். ஒளியும் வெப்பமும் காற்றும் மணத்தைச் சிதைப்பதால், இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் நிழலான இடத்தில் வைத்தல் வேண்டும்.