ஏலம் விளையாத ஏலக்காய் ஊர்

போடிநாயக்கனூர் என்றால் எல்லாருக்கும் ஏலக்காய்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரைச் சுற்றி எத்தனை மைல் நடந்தாலும் ஒரு ஏலச்செடி கண்ணில் படாது. மா, தென்னை, புளி, இலவம். மானாவாரியில் சோளம், நிலக்கடலை. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், "எங்கேங்க உங்க ஏலத்தோட்டம்?" என்று கேட்டு, ஒரு இலவமரத்தடியில் ஏமாந்து நின்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன்.

கல்லிலிருந்து ஆரம்பிக்கணும். போடி மலைகளில் அதிகம் கிடப்பது சார்னகைட் என்ற கெட்டிப் பாறை. கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் வைத்த பேர் அது. அந்தக் கல் போனது நம்ம பல்லாவரத்திலிருந்து! பொட்டிபுரம் பக்கம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்ததற்கும் இந்தப் பாறையின் கெட்டித்தனம் ஒரு காரணம்.

மலைக்கு மேலேயும் கீழேயும் பாறை ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். மண் மட்டும் எப்படி மாறிப்போச்சு? மழையால்தான். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடம் இருப்பதையெல்லாம் கேரளச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். தேனி மாவட்டத்துக்கு வருஷ மழை சுமார் 800 மி.மீ., அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அதனால் அடிவாரத்தில் பாறை மெதுவாகத்தான் மக்குகிறது. கிடைப்பது சரளை கலந்த செவல் மண். தண்ணீர் நிற்காது, இலைமக்கும் குறைவு. மாமரம் இதைக் குறையாகவே நினைப்பதில்லை, வேரை ஆழமாக விட்டுக்கொள்கிறது. இலவமோ கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, வெயிலிலேயே காயை வெடிக்கவிடும். போடி இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் பேர் வாங்கியது இப்படித்தான்.

போடி சுமார் 350 மீட்டர் உயரம். அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,300 மீட்டருக்கு மேலே போடிமெட்டு. தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. மேலே கறுத்த காட்டு மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். ஒரு முழம் தோண்டினால் அடியில் சிவப்பு தெரியும். ஏலச்செடியின் வேர் பெரும்பாலும் அந்தக் கறுப்பு அடுக்கிலேயே படர்ந்து நிற்கும், ஆழம் போகாது. அதனால் அதற்கு 1,500 மி.மீ.க்கு மேல் மழை, தேங்காத ஈரம், கொஞ்சம் அமிலத்தன்மை, மேலே பலா, முருக்கு மாதிரி மர நிழல், கீழே இலைச்சருகு எல்லாமே வேணும். சுருக்கமாகச் சொன்னால் காட்டின் தரை வேணும்.

அப்படியானால் சந்தை ஏன் கீழே? திருவிதாங்கூர் காலத்தில் ஏலம் அரசின் ஏகபோகம். விளைந்ததையெல்லாம் அரசிடம் ஒப்படைக்கணும். அது ஆலப்புழைக்குப் போய் விற்பனையாகும். ஆனால் பயிர் செய்தவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கமிருந்தும் ஏறிய தமிழர்கள். மேற்கே கடற்கரைக்குப் போக நாள்கணக்கில் காடு. கிழக்கே இறங்கினால் சொந்த ஊர். அரிசியும் ஆளும் கீழிருந்து ஏறின, காய் கீழே இறங்கியது. கள்ளத்தனமாகவும்தான்! காவல் போட்டும் அதை முழுசாகத் தடுக்க முடியவில்லை. என் கணக்கில் போடிச் சந்தைக்கு அஸ்திவாரம் போட்டது அந்தக் கள்ளப்பாதைகளும்தான்.

பக்கத்திலேயே தேயிலையும் இந்த வழியைத்தான் பிடித்தது. மூணாறுப் பக்கத்துத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்துவிட்டது.

பிறகு 1956 நவம்பர் 1. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கணும் என்று போராட்டம் நடந்தும் அவை கேரளத்தோடு போயின. ஏலம் விளைகிற மண் ஒரு மாநிலம், அதில் வேலை செய்கிற கை இன்னொரு மாநிலம் என்று ஆனது. இன்றைக்கும் விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகள் நிரம்பி மலை ஏறுகின்றன. போகிறவர்களில் பெண்களே அதிகம். பஞ்சாலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகலாமே என்று கேட்டால், "அங்க கூலி கூடங்க" என்பார்கள். காலில் அட்டைக்கடி, இடுப்பில் காய்ச்சாக்கு. அஞ்சு கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும்.

அந்த மண் யாருடையது என்ற கேள்வி அதைவிடச் சிக்கல். ஏலமலைக் காடுகளில் மரம் வனத்துறைக்கு, நிலம் வருவாய்த்துறைக்கு என்று இரட்டைக் கட்டுப்பாடு. 1897-ல் திருவிதாங்கூர் அறிவித்த காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. 2,15,720 ஏக்கர் என்கிறது இன்னொரு தரப்பு. முன்னால் ஒரு '2' இருந்ததா இல்லையா என்பதுதான் தகராறு! அதில் ரெண்டு லட்சம் ஏக்கரும் ஏகப்பட்ட குடும்பங்களும் தொங்குகின்றன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதுப் பட்டா கொடுக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

வழக்குக்கு நடுவில் மண்ணும் மாறிக்கொண்டிருக்கிறது. ஞள்ளானி என்ற ரகம் வந்தபின் மகசூல் பல மடங்கு ஏறியது. கூடவே உரமும் மருந்தும் ஏறின, நிழல் மரம் குறைந்தது. வெயில் பட்ட இலைமக்கு சீக்கிரம் கரைகிறது, ரசாயன உரத்தால் புளிப்பும் கூடுகிறது. சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டலாம்தான். நூறு வருஷத்துச் சருகை மூட்டையில் வாங்க முடியுமா?

நண்பர் கிளம்பும்போது கால் கிலோ வாங்கினார். முளைத்தது உடும்பன்சோலைப் பக்கம், விலை போனது போடி ஏலத்தில். கடைக்காரர் தரத்தைச் சொன்னார்: "ஆலப்பி கிரீன், எக்ஸ்ட்ரா போல்டு." நண்பர் என்னைப் பார்த்தார். ஆலப்புழையில் ஏலம் விளையுமா என்று அவர் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.