ஹாரி பார்ட்ச்சின் நுண்சுர இசையும் கருவிகளும்

ஹாரி பார்ட்ச் (சூன் 24, 1901 – செப்டம்பர் 3, 1974) அமெரிக்க இசையமைப்பாளர், இசைக் கோட்பாட்டாளர், இசைக்கருவி வடிவமைப்பாளர். கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தவர். ஒரு ஸ்தாயியை 43 சுரங்களாகப் பகுத்து, அவற்றை வாசிக்கத் தேவையான கருவிகளையும் தாமே உருவாக்கினார். அவருடைய இசையை வழக்கமான கருவிகளில் வாசிக்க இயலாது. எனவே அந்த இசையின் வரலாறு, அக்கருவிகளைக் காப்பாற்றிய வரலாறாகவும் அமைந்துவிட்டது.

பன்னிரண்டு சுரங்கள் போதாமை

பியானோவில் ஒரு ஸ்தாயி 12 சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் ஒரே விதமாக வாசிக்கலாம் என்பது இதன் வசதி. ஆனால் சுரங்களுக்கிடையே உள்ள இயல்பான விகிதங்கள் இதில் சற்றுப் பிசகுகின்றன. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று அளந்தால், 5:4 விகிதத்தில் அமையும் அந்தர காந்தாரம் சுமார் 386 சென்ட்டில் நிற்க வேண்டும். பியானோவில் அது 400 சென்ட்டில் நிற்கிறது.

1923இல் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய ஒலியியல் நூலைப் படித்த பார்ட்ச், தூய விகிதங்களின் பக்கம் திரும்பினார். 11 வரையிலான ஒற்றைப்படை எண்களை அடிப்படையாகக் கொண்ட விகிதங்களிலிருந்து தம் 43 சுரங்களை வகுத்தார். 1930இல், அதுவரை தாம் எழுதிய இசைப் படைப்புகளை அடுப்பிலிட்டு எரித்தார்.

நாடோடி வாழ்க்கை

1934இல் நிதியுதவி பெற்று இங்கிலாந்து சென்றார். அயர்லாந்தில் கவிஞர் யேட்சைச் சந்தித்தார். 1935இல் திரும்பியபோது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் இருந்தது. வேலையும் வீடும் இன்றிப் பல ஆண்டுகள் அலைந்தார். பார்ஸ்டோ என்னும் ஊரில், வழிப்போக்கர்கள் நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பியில் கிறுக்கியிருந்த வாசகங்களுக்கு 1941இல் இசையமைத்தார். பேச்சின் ஏற்ற இறக்கங்களை அப்படியே பிடிக்க நுண்சுரங்கள் அவருக்கு உதவின.

கருவிகள்

முதலில், இருக்கும் கருவிகளையே மாற்றியமைத்தார். வயோலாவின் கழுத்தை நீட்டினார். காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கனின் சுருதிகளைத் திருத்தி, அதற்குக் குரோமலோடியான் என்று பெயரிட்டார். பின்னர் புதியவற்றைப் படைத்தார். பண்டைய கிரேக்க யாழை முன்மாதிரியாகக் கொண்ட கித்தாராவுக்கு 72 நரம்புகள். வைர மரிம்பாவில் மரக்கட்டைகள் சாய்சதுர வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வகம் கழித்துவிட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகளை அறுத்துத் தொங்கவிட்டு ஒரு தாளக்கருவி செய்தார். பீரங்கிக் குண்டுகளின் வெற்று உறைகள் மற்றொரு கருவியில் இடம்பெற்றன.

மேடை

இசைஞர்கள் மறைவில் அமர்ந்து வாசிப்பதை பார்ட்ச் ஏற்கவில்லை. கருவிகளே மேடையின் காட்சி அமைப்பு; வாசிப்பவர்களும் பாடி, ஆடி, நடிக்க வேண்டும். 1952இல் மில்ஸ் கல்லூரியில் அவருடைய ஈடிபஸ் நாடகம் அரங்கேறியது. 1969இல் லாஸ் ஏஞ்சலஸில் மேடையேறிய ‘டெலூஷன் ஆஃப் தி ஃபியூரி’ அவரது பெரும் படைப்பாகக் கருதப்படுகிறது. அதன் முற்பகுதி சப்பானிய நோ நாடகத்தையும், பிற்பகுதி ஆப்பிரிக்கக் கதையொன்றையும் தழுவியவை.

கருவிகளின் பின்வரலாறு

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை இருந்ததால், எழுதிவைத்த இசை மட்டும் போதாது. கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும். கண்ணாடிக் குடுவை உடைந்தால் அதே சுருதியில் இன்னொன்று கிடைப்பது அரிது. பார்ட்ச்சின் மறைவுக்குப் பின் அவருடைய உதவியாளர் டான்லி மிட்செல் கருவிகளைப் பேணினார். அடுத்து டீன் டிரம்மண்ட் பொறுப்பேற்றார். 2014இல் அவை சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன.

செருமனியின் கொலோன் நகர இசைக்குழுவான மியூசிக்ஃபாப்ரிக், இக்கருவிகளின் பிரதிகளைச் செய்வித்து, 2013இல் ‘டெலூஷன் ஆஃப் தி ஃபியூரி’யை மேடையேற்றியது. பார்ட்ச்சின் இசை அவர் கையால் செய்த கருவிகளோடு முடிந்துவிடாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.