யாருடைய வேலை மாற வேண்டும்?

பணிவாழ்வு ஆலோசனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1908ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிலிருந்து தொடங்குவார்கள். அந்த ஜனவரியில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டிலேயே இறந்துபோனார். அவர் எழுதிவைத்திருந்த நூல் 1909இல் வெளிவந்தது. இத்துறையின் தந்தை என்று இன்றும் அவரையே சொல்கிறார்கள். அந்த நிலையத்துக்குப் பணம் கொடுத்தவர் பாலின் அகாசிஸ் ஷா. பெண்களின் வாக்குரிமைக்காகப் பாஸ்டனில் இயங்கிய சங்கத்தின் தலைவர் அவர். பாடநூல்களில் அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்சன்ஸ் சொன்ன வழி எளிமையானது. முதலில் உன்னை அறிந்துகொள். பிறகு வேலைகளை அறிந்துகொள். இரண்டையும் பொருத்திப் பார். பதவி பறிபோன மேலாளருக்கும், இடைவெளிக்குப் பிறகு திரும்பும் மேலாளருக்கும் இன்று தரப்படும் ‘கெரியர் கோச்சிங்’ பெரும்பாலும் இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது. வேலை அப்படியே இருக்கும், ஆள்தான் அதற்கேற்ப மாற வேண்டும் என்பது இதில் சொல்லாமல் அடங்கியிருக்கிறது. அலுவலக நேரமும் பதவி உயர்வின் படிகளும் வீட்டில் சமைத்துப்போட ஒருத்தி இருக்கும் ஆணை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அந்த அளவுக்குத் தன்னை வெட்டிப் பொருத்திக்கொள்ளச் சொல்வது பெண்ணுக்கு வழிகாட்டுவதாகுமா?

இந்தக் கேள்வியைச் செயலில் எழுப்பியவர் ஃபெலிஸ் ஷ்வார்ட்ஸ். குழந்தை வளர்ப்புக்காக வீட்டிலிருந்த படித்த பெண்களை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர 1962இல் அமெரிக்காவில் ‘கேட்டலிஸ்ட்’ அமைப்பைத் தொடங்கினார். அறுபதுகளின் இறுதியில் இந்த அமைப்பு பாஸ்டனில் ஒரு சோதனை நடத்தியது. பொதுநலத் துறையின் சமூகப் பணியாளர் வேலைகளில் பட்டதாரித் தாய்மார்கள் 50 பேர் பகுதிநேரமாக அமர்த்தப்பட்டார்கள். அந்தப் பெண்களை யாரும் திருத்தவில்லை. வேலையின் நேரம்தான் திருத்தப்பட்டது. வேலை ஒழுங்காக நடந்தது.

அதே ஷ்வார்ட்ஸ் 1989இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரை பெரும் சண்டையைக் கிளப்பியது. பெண் மேலாளர்களை அமர்த்துவதில் நிறுவனங்களுக்குச் செலவு அதிகம் என்று அதில் தொடங்கினார். வேலைக்கே முதலிடம் தருபவர்கள், வேலையோடு குடும்பத்தையும் சேர்த்து நடத்துபவர்கள் என்று பெண்களை இரண்டாகப் பிரித்தார். இரண்டாம் வகையினருக்கு நெகிழ்வான வேலைமுறை வேண்டும் என்பது அவர் வாதம். நாளிதழ்கள் அதற்கு ‘மம்மி டிராக்’ என்று பெயர் சூட்டின. கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. பெயர் அவருடையது இல்லை என்றாலும், எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தகப்பன்களை அவர் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. பிள்ளை இருவருக்கும் பிறந்தது. கணக்கு மட்டும் தாயின் பெயரில் எழுதப்பட்டது.

அந்தக் கணக்கு இங்கேயும் முடியவில்லை. 2008இல் டாடா குழுமம் வேலையை விட்ட பெண்கள் திரும்பிவர ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. இத்தகைய திட்டங்கள் பிறகு பெருகின. 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயமானது. போராடிப் பெற்ற உரிமைகள் இவை. ஆனால் மேலாளர் அளவுக்குச் சம்பளம் வாங்கும் பெண் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரமாட்டார், அவருடைய விடுப்புச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும். தனியார் நிறுவனத்தில் தகப்பனுக்கு விடுப்பு தர அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே நேர்காணல் மேசையில் பெண் மறுபடியும் ‘செலவு’ ஆகிறாள்.

ஆலோசனையே வீண் என்று நான் சொல்லவில்லை. நாற்பது வயதில் வேலை மாறும் பெண்ணுக்குத் தன் திறமையைப் பட்டியலிட்டுப் பார்க்க ஒரு துணை தேவைதான். அந்தத் துணை அவளுடைய தன்னம்பிக்கையைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. கூட்டங்கள் எத்தனை மணிக்கு வைக்கப்படுகின்றன, காப்பகம் இருக்கிறதா, விடுப்பிலிருந்து திரும்பியவர்கள் எந்தப் பதவியில் அமர்த்தப்பட்டார்கள், ஆண்கள் விடுப்பு எடுக்கிறார்களா என்று நிறுவனத்தையும் கேட்க வேண்டும். ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனமாக இருந்தால், இந்தக் கேள்விகளை அவர் கேட்பாரா என்பதை முதல் அமர்விலேயே தெரிந்துகொள்ளுங்கள்.