உறக்கமும் விழிப்பும்: கணினிக் கருவிகளின் நிலைமாற்ற வரலாறு

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவைப் பலரும் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் படமாக்கப்பட்ட இடமாகவே அறிவர். ஆயின், அதனையடுத்த பொல்பிட்டியவில் 1969ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் நீர்மின் நிலையம், கணினி வரலாற்றின் ஒரு பகுதியை விளங்கிக்கொள்ளவும் துணைபுரியும். நீர்ச்சுழலியை நிறுத்துவதற்கு முறையொன்று உண்டு. முதலிற் சுமை குறைக்கப்படும். பின்னர் மின்தொடர்பு துண்டிக்கப்படும். அதன்பின்னரே நீர்வழி முற்றாக அடைக்கப்படும். சுமை திடீரென அறுந்தாற் சுழலி கட்டுமீறி விரையும்; நீரைச் சடுதியாக அடைத்தாற் குழாயில் அழுத்தம் பெருகும்.

கணினியின் உட்கருவிகளுக்கும் இத்தகைய முறை வேண்டும். மின் அகன்றதும் அவற்றின் பதிவகங்களிலுள்ளவை அழிந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் வட்டின் மின்னை இடையில் நிறுத்தினால் தரவு சிதையக்கூடும். எனவே, உறங்கச்செய்யும் அதிகாரம் எதனிடம் இருத்தல் வேண்டும் என்பதே முதல் வினாவாயிற்று.

1992இல் இன்டெலும் மைக்ரோசொப்டும் வகுத்த ஏ.பி.எம். விதிமுறை அவ்வதிகாரத்தைப் பெரிதும் பயோசிடம் விட்டது. பயோசோ, எவ்வேலை நடைபெறுகின்றது என்பதை நன்கறியாதது. 1996 திசெம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொசிபா ஆகியன வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. விதிமுறை, முழு இயக்கமாகிய டி0 முதல் மின்னற்ற டி3 வரை நான்கு நிலைகளை வகுத்து, தீர்மானிக்கும் பொறுப்பைப் பணிசெயல் முறைமையிடம் கையளித்தது.

அதன்பின் ஒழுங்கு பற்றிய சிக்கல் எழுந்தது. விசைப்பலகை யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியின் வழியாகவே செய்தி பெறுகின்றது. கட்டுப்படுத்தி முந்தி உறங்கிவிட்டால், விசைப்பலகைக்குக் கட்டளையே எட்டாது. 2003 திசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இன் கேர்னல் என்னும் கருப்பகுதி, கருவிகளை ஒரு மரமாக நிரற்படுத்தி இதற்கு வழிகண்டது. உறங்கும்போது பிள்ளைகள் முந்தும், தாய் பிந்தும். விழிக்கும்போது தாய் முந்தும். ஒவ்வொரு கருவியின் செலுத்தியும் அதன் நிலையைச் சேமித்து, விழித்ததும் மீள நிறுவும். 2009 திசெம்பரில் வந்த 2.6.32 பதிப்பில், ரஃபேல் வைசாக்கியின் முயற்சியால், கணினி விழித்திருக்கையிலேயே வேலையற்ற கருவியை மாத்திரம் உறங்கவைக்கும் ஏற்பாடும் சேர்ந்தது.

மலையின் மேலணைகளில் நீர் திறக்கப்படுமாயின், கீழே கித்துல்கலவில் ஆற்றில் இறங்கி நிற்போர் அதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் உயிர்க்கே கேடு. ஒன்றின் நிலையை மாற்ற முற்படுவோர், அதனைச் சார்ந்து நிற்பவை எவையென முதலில் அறிதல் வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.