சிறு விமானத்தின் எடை–சமநிலைத் திருத்தம்

எடை–சமநிலைத் திருத்தம் என்பது, விமானத்தில் ஒரு கருவியைக் கழற்றினாலோ புதிதாகப் பொருத்தினாலோ அதன் வெற்று எடையையும் ஈர்ப்பு மையத்தையும் மறுபடி கணக்கிட்டு ஆவணத்தில் பதியும் பணி. வெற்று எடையில் பயணிகளும் சரக்கும் சேராது. நிலையாகப் பொருத்திய கருவிகள் எல்லாம் சேரும்.

வட்டாரப் பின்னணி

பெங்களூருவின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள அத்திபெலேயில் மாநில எல்லையைத் தாண்டினால் ஓசூர். அங்கிருந்து தளி செல்லும் சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் விமானத் தளம் உள்ளது. இத்தாலியின் பார்டெனாவியா நிறுவனத்திடம் உரிமம் பெற்றுப் பி68சி என்னும் ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின் விமானம் இங்கே தயாரானது. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானமும் இங்கே உருவானது. 2000-இல் வகைச் சான்று பெற்ற ஹன்சா-3, இருவர் அமரும் கூட்டுப்பொருள் விமானம். அதன் உச்சப் புறப்பாட்டு எடை 750 கிலோ. மிக இலகு விமானங்களுக்கான அன்றைய ஐரோப்பிய விதியின் வரம்பும் அதுவே. இத்தகைய விமானத்தில் கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1.4 லிட்டர் பெட்ரோலை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கணக்கிடும் முறை

வெள்ளிக்கோலில் பிடிகயிறு நகர்ந்தால் நிறை மாறிக் காட்டும். விமானத்திலும் எடையைப் போலவே அது அமரும் இடமும் முக்கியம். மூக்கிலோ எஞ்சின் தடுப்புச் சுவரிலோ உற்பத்தியாளர் ஒரு தொடக்கக் கோட்டைக் குறித்திருப்பார். பொருளின் எடையை அக்கோட்டிலிருந்து அதற்குள்ள தொலைவால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். மொத்தத் திருப்புத்திறனை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் கிடைக்கும். கழற்றியதைக் கழித்தும் பொருத்தியதைக் கூட்டியும் எழுத வேண்டும்.

ஒரு கற்பனை விமானம்:

பழைய நிலை: 560 கிலோ × 2.000 மீ = 1120
கழற்றிய ரேடியோ: −6 கிலோ × 1.5 மீ = −9
புதிய ரேடியோ: +2 கிலோ × 1.5 மீ = +3
வாலருகே வைத்த பேட்டரி: +5 கிலோ × 4.2 மீ = +21
புதிய நிலை: 561 கிலோ, திருப்புத்திறன் 1135, ஈர்ப்பு மையம் 2.023 மீ

எடை கூடியது ஒரே கிலோ. ஈர்ப்பு மையமோ 23 மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டது. தராசின் முள்ளை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது.

வரம்பு மீறினால்

ஈர்ப்பு மையம் பின்வரம்பைத் தாண்டினால் விமானத்தின் நிலைத்தன்மை குறையும். சுழலில் சிக்கினால் மீட்பது கடினம். முன்வரம்பைத் தாண்டினால் மூக்கு கனக்கும், இறங்கும்போது அதைத் தூக்குவது சிரமம். இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகமும் கூடும்.

மறுநிறுவை

மாற்றங்கள் பல சேர்ந்தாலோ, விமானத்துக்கு முழுமையாக மறுவண்ணம் பூசினாலோ, பழைய கணக்கில் ஐயம் எழுந்தாலோ காகிதக் கணக்கு போதாது. காற்றடிக்காதபடி ஹேங்கர் கதவைச் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, மூன்று சக்கரங்களையும் தராசுகளில் ஏற்றுவார்கள். ரசமட்டம் வைத்து விமானத்தை மட்டப்படுத்துவார்கள். உள்ளே மறந்துபோன ஸ்பேனரும் எடையில் சேர்ந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே கருவிப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது வழக்கம்.

பதிவு

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்த விமானத் தகுதி விதிகளில் எடை–சமநிலைக் கட்டுப்பாட்டுக்குத் தனிப் பகுதி உண்டு. மாற்றம் முடிந்ததும் கருவிப் பட்டியல், எடை அட்டவணை, லாக்புக் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். விமானி ஒவ்வொரு பயணத்துக்கும் ஆள், பெட்டி, எரிபொருள் கணக்கை அந்த வெற்று எடையிலிருந்தே தொடங்குகிறார். அட்டவணை பழையதாக இருந்தால், பிசகில்லாமல் கூட்டினாலும் விடை தவறாகவே வரும்.